கட்டுபடியாகும் பத்தியம் எது?

சென்ற சங்கக் கூட்டம் முடிந்து பந்தி நடந்தபோது ஒரு வேடிக்கையைப் பார்த்தோம். காபி வந்ததும் பத்துப் பேரில் ஆறு பேர் "எனக்குச் சர்க்கரை இல்லாம" என்று கேட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவராவது இலையில் வைத்த கேசரியை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என மூன்று தடவை சோறு வாங்கவும் தயங்கவில்லை. காபியில் போகாத ஒரு ஸ்பூன் சர்க்கரையால் நோய் கட்டுப்பட்டுவிடும் என்று நாம் எல்லோரும் மனதார நம்புகிறோம் போலும். எழுதுகிற நாமும் அந்த ஆறு பேரில் ஒருவர்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

இந்த வேடிக்கையோடு விட்டிருப்போம். ஆனால் தாமலில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயர் வேண்டாம், நடந்ததை எழுதலாம் என்று அவரே அனுமதி தந்தார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து ஒன்பது ஆண்டுகள். எடை எண்பத்து நான்கு கிலோ. காலையும் இரவும் மாத்திரை. உறவுக்காரர் ஒருவர் அரிசியை அடியோடு நிறுத்தி இரண்டே மாதத்தில் ஏழு கிலோ குறைத்ததாகக் கேள்விப்பட்டார். அன்று இரவே சோற்றை நிறுத்தினார். இரண்டு முட்டையும் கொஞ்சம் கீரையும் தான் சாப்பாடு. வைராக்கியம் உள்ள மனிதர். ஆனால் இரவு போடும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். நான்காம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நெடுஞ்சாலை ஓரம் பருப்பு லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, மூட்டைக் கணக்கை மாற்றி மாற்றிச் சொன்னார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவரைப் பார்த்து லாரி டிரைவர், "என்ன, முதலாளி காலையிலேயே போட்டுட்டாரா?" என்று கேட்டாராம். எடை போடும் பையனுக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. அவன் தாத்தாவுக்கும் இதே வியாதி. கடைக்குள் ஓடி, பிரித்திருந்த சர்க்கரை மூட்டையில் ஒரு பிடி அள்ளி, சொம்புத் தண்ணீரில் கரைத்து, "முதலாளி, இதைக் குடிங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று கையில் கொடுத்தான். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அந்தப் பையன் அன்று லீவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனைவி இன்றைக்கும் கேட்கிறார்.

அரிசியைக் குறைத்தது தவறல்ல. சரக்கு வரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு விற்பனையை மட்டும் பழைய அளவிலேயே வைத்தால் கையிருப்பு என்ன ஆகும்? கிளிமிபிரைடு, கிளிக்ளாசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகையால் சாப்பாட்டை மாற்றுகிறவர் அதற்கு முந்தின நாளே டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து. மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விடலாம். சிறுநீரகம் பழுதானவர்கள் முட்டையையும் கறியையும் பருப்பையும் இஷ்டத்துக்குக் கூட்டிக்கொள்ள முடியாது. பக்கத்துக் கடைக்காரருக்குப் பொருந்தியது நமக்கு ஏன் பொருந்தாமல் போகலாம் என்பதற்கு இவையே போதும்.

நிற்க. இந்த வியாதி நம் மாநிலத்தில் எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை டாக்டர் வி. மோகன் அவர்களின் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து எடுத்த நாடு தழுவிய கணக்கு 2023-இல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நாட்டின் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாடு 14.4 சதவீதம். 1948-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியபோது இதைப் பணக்காரர் வியாதி என்றார்கள். இன்று மூட்டை தூக்குகிறவருக்கும் இருக்கிறது, தறியில் உட்காருகிறவருக்கும் இருக்கிறது.

நம் வணிகர்களுக்கு அது வர நாமே தாம்பூலம் வைத்து அழைக்கிறோம். காலை ஒன்பதுக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் எழுந்திருக்கிறோம். நடுவில் ஐந்து டீ. வாடிக்கையாளர் வந்தால் அவருக்கு வாங்கும் டீயில் நமக்கும் ஒன்று, கூடவே வடை. பகல் சாப்பாடு மூன்று மணிக்கு, அதுவும் அவசரமாக. கடை பூட்டி, கணக்கு முடித்து, பத்தரை மணிக்கு வீட்டில் உட்கார்ந்து வயிறார ஒரு வெட்டு வெட்டிவிட்டு அப்படியே படுக்கை. முன்பெல்லாம் நாமே மூட்டை புரட்டினோம், சந்தைக்குச் சைக்கிள் மிதித்தோம். இன்று காஞ்சிபுரத்தில் சரக்கு எடுக்கப் போன் செய்தால் வண்டி கடை வாசலுக்கே வந்துவிடுகிறது. இத்தனை மாறியும், ஏரிப் பாசனத்தில் அண்டை கட்டி நாற்று நட்டவர்கள் சாப்பிட்ட அதே அளவு சோறு மட்டும் மாறவில்லை.

"எனக்கு என்ன தொப்பை, ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்போருக்கும் ஒரு வார்த்தை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தம் படத்தையும் லண்டன் நண்பர் ஒருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2. தராசு ஒன்றே எடை காட்டினாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு. எனவே நமக்கு எடையைவிட இடுப்புச் சுற்றளவு நல்ல அளவுகோல். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ஜவுளிக்கடை அன்பர்கள் டேப்பைக் கடன் கொடுத்தால் சங்கக் கட்டடத்திலேயே அளந்து பார்த்துக்கொள்ளலாம். தொப்புள் மட்டத்தில் அளக்க வேண்டும், பேன்ட் கட்டும் இடத்தில் அல்ல. நம்மில் பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, இருபது வருஷமாக அதே சைஸ் என்று பெருமைப்படுகிறோம்.

சரி, எந்தப் பத்தியம்? நம் கடைத்தெருவில் மட்டும் ஐந்தாறு கட்சிகள் இருக்கின்றன. முகநூலில் நியாண்டர் செல்வன் முதலானோர் பரப்பிய பேலியோ ஒரு கட்சி. இரவுச் சாப்பாட்டை மாலை ஆறோடு முடித்துப் பதினாறு மணி நேரம் பட்டினி கிடப்பது ஒன்று. சிறுதானியமே மருந்து என்பது ஒன்று. வெந்தயமும் பாகற்காய்ச் சாறும் போதும் என்பது ஒன்று. இரவில் மட்டும் சப்பாத்தி என்பது மிகப் பழைய கட்சி. "சாவது ஒரு தடவை, சாப்பிட்டே சாவோம்" என்பதும் ஒரு கட்சிதான், அதற்கு உறுப்பினர் அதிகம்.

சப்பாத்திக் கட்சியையும் சிறுதானியக் கட்சியையும் பற்றி நாம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் அந்தச் சரக்கை விற்பவர்கள் நாம். நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கோதுமை, கேழ்வரகு, சாமை, தினை, வரகு எதை எடுத்தாலும் ஏறக்குறைய 65 முதல் 70 வரை இருக்கும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம் இல்லை. சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் வெள்ளை வெளேரென்று தீட்டி வரும் சாமையில் அந்தத் தவிடு எங்கே இருக்கிறது? மாவாக அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விரைவாகத்தான் ஏறும். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நம் விற்பனை கூடியது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் தினைப் பொங்கலை நெய் ஊற்றி மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு "இது சுகருக்கு நல்லது" என்று ஏப்பம் விட்ட அன்பரை நமக்குத் தெரியும்.

இது நம் ஊகம் அல்ல. அதே நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளிவந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாப்பாட்டைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நாம் உண்ணும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றிக்கொண்டு மொத்த அளவைக் குறைக்காவிட்டால் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் கழித்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் என்று புரதத்தை வைத்தவர்களுக்கே அபாயம் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். அதாவது தானியத்தின் பெயரை மாற்றினால் போதாது, அளவை மாற்ற வேண்டும்.

எவ்வளவு மாற்ற வேண்டும்? 18,090 பேரின் கணக்கை வைத்து அதே குழுவினர் 2022-இல் சொன்னது: புதிதாக நோய் கண்டவர்கள் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குள்ளும் புரதத்தை 19, 20 சதவீதத்திலும் வைத்தால் நோய் அடங்கி நிற்க வழியுண்டு. பேலியோக்காரர் சொல்வது போல் அடியோடு துடைத்தெறிய வேண்டியதில்லை, நம் பந்தி போல் குவிக்கவும் கூடாது. கடைக்கணக்கில் சொன்னால், ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி வடிக்கிறவர் 75 கிராமுக்கு இறங்கட்டும். மாவுச்சத்து சுமார் 117-இலிருந்து 58 கிராமாகிறது. கூட 50 கிராம் துவரம் பருப்போ பாசிப்பயறோ கொள்ளோ சேர்த்தால் 11 கிராம் புரதம் வருகிறது. பருப்பின் மாவுச்சத்தையும் சேர்த்தாலும் மொத்தம் 90-ஐத் தாண்டாது. மீதி இலையைப் பொரியலும் கூட்டும் கீரையும் நிரப்பட்டும். முதலில் காய், பிறகு பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலே ஏற்றம் மட்டுப்படுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். இதற்குக் காலணா செலவில்லை. செய்து பார்த்ததில் நம் அனுபவமும் அதுவே. ஆனால் வீட்டில், "ஏங்க, சாம்பாரை வெறுமனே குடிக்கிறீங்க, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்ற கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்.

எடை குறைந்தால் நோய் திரும்பிப் போகுமா என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் டைரக்ட் என்ற ஆய்வை நடத்தி 2017-இல் வெளியிட்டார்கள். 306 பேர். ஒரு பிரிவினருக்கு மாத்திரையை நிறுத்தி, மருத்துவக் கண்காணிப்பில் மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரிக் கரைசல் மட்டும் தந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோயளவுக்குக் கீழே நின்றது. பதினைந்து கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தக் கணக்கு 36 சதவீதமாக இறங்கிவிட்டது. எடை ஏறியவர்களுக்கு நோயும் திரும்பியது. அவர்கள் நூறு கிலோ ஆசாமிகள். நம்மைப் போன்ற மெலிந்த உடம்புக்காரர்கள் இருபது பேரை வைத்து அதே டாக்டர்கள் 2023-இல் வெளியிட்டதில், உடம்பு எடையில் ஆறரை சதவீதம் போல் குறைந்தபோதே பதினான்கு பேருக்கு நோய் அடங்கியது. எழுபது கிலோ ஆசாமிக்கு நாலரைக் கிலோ. வியாதி வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். இருபது வருஷப் பாக்கியை ஒரே தவணையில் அடைக்க நினைப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு நினைக்கட்டும்.

இன்னும் நோய் வராமல் வாசலில் நிற்பவர்களுக்கும் நம்மூர்ச் சான்று ஒன்று உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்தவர்களில் 39. மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40. மாத்திரையும் நடையும் ஏறக்குறைய ஒரே லாபம் கொடுத்திருக்கின்றன. எது மலிவு என்று வணிகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2025-இல் மௌன்ஜாரோ போன்ற எடை குறைப்பு ஊசிகளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. வேலை செய்கின்றன. ஆனால் நிறுத்தினால் எடை மெல்லத் திரும்புகிறது, மாதச் செலவும் ஆயிரக்கணக்கில் போகிறது. யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஆகவே நம் அளவுகோல் ஒன்றே ஒன்று: கட்டுபடியாகுமா? கொள்முதல் விலையை மட்டும் பார்த்துச் சரக்கு எடுப்பவன் நல்ல வியாபாரி அல்ல. வண்டி வாடகை, சேதாரம், கடன் நிற்கும் காலம் எல்லாம் பார்க்கிறோம் அல்லவா? பத்தியத்தையும் அப்படிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்தில் எத்தனை கிலோ குறையும் என்பதைவிட, பத்து வருஷம் இதையே சாப்பிட முடியுமா, வீட்டில் தனி உலை வைக்காமல் முடியுமா, கல்யாண வீட்டிலும் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியின் முன்னாலும் நிற்குமா என்று பார்ப்பதே முக்கியம். இஞ்சியும் மிளகும் சீரகமும் மணக்க மந்தாரை இலையில் வேகும் அந்த இட்லியை மறுக்கச் சொல்லும் பத்தியம் காஞ்சிபுரத்துக்காரனிடம் ஆறு மாதம் தாங்காது. ஒரு துண்டு சாப்பிடட்டும், அன்றைய ராத்திரிச் சோற்றில் கழித்துக்கொள்ளட்டும்.

பொருந்துகிறதா என்று தெரிந்துகொள்ள ஊரார் பேச்சு வேண்டாம். வீட்டில் வைத்துப் பார்க்கும் குளுக்கோமீட்டர் போதும். ஒரு பட்டையின் விலை டீயும் வடையுமாகும். சாப்பிடுமுன் ஒரு தடவை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று வாரத்தில் இரண்டு நாள் பார்த்து, பேரேட்டில் எழுதுவது போல் எழுதி வைத்தால், எந்தச் சரக்கு நஷ்டம் என்று நம் இரத்தமே சொல்லிவிடும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனை ஐந்தாறு, ஏழு என்று ஆண்டு இருப்புக் கணக்கு மாதிரி.

இனி நாம் விற்கும் சரக்கு. இதை எழுத நமக்கே கூச்சமாக இருக்கிறது. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று சொல்லி விற்காத கடை நம் தெருவில் உண்டா? அதுவும் சர்க்கரைதான், நிறம்தான் வேறு. "டயபடிக்" என்று அச்சடித்த பிஸ்கட்டில் சீனி இல்லாவிட்டாலும் மாவு இருக்கிறது. வாடிக்கையாளர் டாக்டரிடம் ஆண்டுக்கு இரண்டு தடவை போகிறார், நம்மிடம் வாரம் ஒரு தடவை வருகிறார். "அண்ணே, சுகருக்கு எது நல்லது?" என்று கேட்டால் நம் வார்த்தையை வேதவாக்காக எடுத்துப் போகிறார். எடையில் ஐந்து கிராம் குறைந்தால் பாவம் என்று நினைக்கிற நாம், வாயில் வந்ததைச் சொல்லி விற்பதை மட்டும் வியாபாரத் தந்திரம் என்கிறோம். "இதுவும் மாவுதான், அளவாச் சாப்பிடுங்க, கூட அரைக் கிலோ பாசிப்பயறு எடுத்துக்குங்க" என்று சொன்னால் பயறும் விற்கும், பெயரும் கெடாது.

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அவர்கள் பகலில் வீட்டுக்கு வரும்போது கடைக்காரன் கடையில் இருக்கிறான். பிறகு தொழிற்சாலைகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். கடைத்தெருவுக்கும் மாதம் ஒரு நாள் வந்தால், இடமும் நாற்காலியும் சங்கம் கொடுக்கும். முதலாளிகளோடு கடைப் பையன்களும் எடை தூக்குகிறவர்களும் பார்த்துக்கொள்ளலாம்.

நம் மொத்த வியாபாரி அன்பர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். டாக்டர் இரவு மாத்திரையை நிறுத்திக் காலையதைப் பாதியாக்கினார். அவர் சோற்றை நிறுத்தவில்லை, பகலில் ஒரு கரண்டியோடு முடித்துக்கொள்கிறார். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குக் கடைக்கே டிபன் கேரியரில் வந்துவிடுகிறது. காலையில் ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். பதினொரு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. வெகு வேகம் என்று சொல்ல முடியாது. கல்லாப் பெட்டிக்குள் சில்லறையோடு எப்போதும் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை வைத்திருக்கிறார். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் நினைவிருக்கும்போதே மூன்று ஸ்பூன் கரைத்துக் குடிக்க வேண்டும் என்றும், நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்றும் கடையில் வேலை செய்யும் நான்கு பேருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எடை போடும் பையனுக்குத் தீபாவளிக்கு இரண்டு மடங்கு போனஸ்.

அடுத்த கூட்டத்தின் பந்தியில் கேசரிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டலும், இரண்டாம் பொரியலும் வைக்க வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறோம். இலைக்கு எட்டு ரூபாய் கூடும் என்று பொருளாளர் ஆட்சேபித்திருக்கிறார். சமையல்காரரோ, கேசரி இல்லாமல் பந்தி போட்டால் தன் பெயர் கெட்டுவிடும் என்கிறார். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது, உறுப்பினர்கள் தவறாமல் வந்து சேரவும்.